பத்து ஐசோபாட், ஒரு டப்பா: ஆறு மாதம் கழித்து

ஐசோபாட் என்பது டப்பாவில் வளர்க்கிற, பல கால் உள்ள குட்டி உயிர். ஆன்லைனில் ஒரு கடையில் அதில் 'பவுடர் ஆரஞ்ச்' என்ற வகையின் தொடக்க செட் வாங்கினேன்; உயிர்களோடு டப்பா, தேங்காய்நார்த் தூள், சருகு எல்லாம் சேர்ந்தது. காசு பத்துக்கு. பிரித்து எண்ணினால் பதினொன்று, அதில் ஒன்று செத்திருந்தது. சரி, கணக்கு நேர்.

"மரவட்டையையா காசு கொடுத்து வாங்கினே?" என்றார் அம்மா. மரவட்டை இல்லை, இறாலுக்கு உறவு. வயிற்றுக்கு அடியில் செவுள் மாதிரி ஓர் உறுப்பு, அதில்தான் மூச்சு. அதனால் ஈரம் வேண்டும், ஆனால் டப்பாவின் ஒரு பக்கம் மட்டும். கூட வந்த தாளோ தினமும் எல்லா இடத்திலும் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறது! மூடியில் நாலே ஓட்டை வேறு. மூன்றாம் நாள் டப்பா வியர்த்து, தேங்காய்நார்த் தூளில் பூஞ்சை. கம்பியைச் சூடாக்கிப் பக்கவாட்டில் எதிரெதிரே துளை போட்ட பிறகுதான் அடங்கியது.

தின்னச் சருகு கொடுத்ததும் ஒரு கைப்பிடிதான். தெருமுனை நாட்டு வாதாமரத்து இலையை வெந்நீரில் போட்டெடுத்து நிரப்பினேன். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒரு துண்டு.

ஆனால் உயிர்கள் அருமை. ஒரு ராத்திரி டார்ச் அடித்தால், ஒன்றுக்குப் பின்பாதி புதுத்தோல், முன்பாதி இன்னும் பழசு. சட்டையை இரண்டு தவணையாகத்தான் கழற்றும். கழற்றியதைத் தின்றும்விடும்.

இப்போது குட்டிகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். நீங்கள் வாங்கினால் உயிர்களை மட்டும் வாங்குங்கள். டப்பா பாத்திரக்கடையிலேயே கிடைக்கும்.