நோயாளர் பதிவேட்டுக்கு யார் காசு? நாலு வழியும் அம்மாவின் கொப்பியும்

அம்மாவிடம் இப்போது இருப்பது ஐந்தாவது கிளினிக் கொப்பி. சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். முதல் கொப்பியை 2004 சுனாமி கொண்டுபோனது. மற்றவை அட்டை கழன்று ஒரு சொப்பிங் பைக்குள் கிடக்கின்றன. 2006 இல் சண்டையால் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து ஓடியவர்களில் எத்தனை பேர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்? போன இடத்தில் டொக்டர் "என்ன குளிசை குடிச்சனீங்கள்?" என்று கேட்டால் "வெள்ளைக் குளிசை, காலையில பாதி" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

அதனால் நோயாளர் விபரங்களைக் கணினியில் வைக்கும் மின் பதிவேடு தேவையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. யாருடைய காசில், எந்த மாதிரி என்பதுதான் கேள்வி. நாலு வழிகளை ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறேன்: திட்டம் பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்? நம் நாட்டில் திட்டங்கள் பாதியில் நிற்பது புதினமில்லை.

முதலில் இங்கிலாந்து. 2002 இல் தொடங்கினார்கள். நாட்டை ஐந்து பிரதேசமாகப் பிரித்து, பெரிய கம்பனிகளுக்குப் பல பில்லியன் பவுண் ஒப்பந்தம் கொடுத்தார்கள். வேலை முடித்துக் கொடுத்தால்தான் காசு என்பது நிபந்தனை. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் வாட்டில் நிற்கும் வைத்தியர்களையும் தாதிமாரையும் சரியாகக் கேட்காமல் மேலே இருந்தே முடிவெடுத்தார்கள். ஒரு ஆஸ்பத்திரிக்குப் பொருந்தியது அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பொருந்தவில்லை. ஒப்பந்தம் எடுத்த கம்பனிகளில் 2006 இல் அக்சென்ச்சர் விலகியது. 2008 இல் ஃபுஜிட்சுவின் ஒப்பந்தம் முறிந்தது. 2011 செப்டெம்பரில் திட்டத்தையே கலைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. செலவு பத்து பில்லியன் பவுணுக்குக் கிட்ட.

ஆனாலும் எல்லாம் வீணாகவில்லை. நோயாளியின் இலக்கத்தை வைத்து இடங்களை இணைக்கும் 'ஸ்பைன்' என்ற பொது முதுகெலும்பு மிஞ்சியது. எக்ஸ்ரே படங்களைக் கணினியில் பார்க்கும் வசதியும் மிஞ்சியது. உடைந்தது அதற்கு மேலே கட்டப்பார்த்த மாளிகைதான். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 2009 இல் பொருளாதார மீட்புச் சட்டத்தோடு சேர்த்து, மின் பதிவேட்டை ஒழுங்காகப் பாவிக்கும் வைத்தியருக்கு, மெடிக்கெயார் என்ற முதியோருக்கான அரச காப்புறுதி வழியாக 44,000 டொலர் வரை ஊக்கத்தொகை என்றார்கள். பாவிக்காதவருக்குப் பிறகு வெட்டு. காசைக் கண்டதும் வேலை நடந்தது. 2015 ஆகும்போது பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் பதிவேடு வந்துவிட்டது. ஆனால் ஒரே ஊரில் இருக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகள் ஒன்றின் பதிவை மற்றது வாசிக்க முடியாத நிலை. தகவலைத் தடுத்து வைக்காதே என்று 2016 இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. நாடு முழுவதற்கும் ஒரு நோயாளர் இலக்கம் உருவாக்க மத்திய அரசின் காசைச் செலவழிக்க 1990களின் கடைசியிலிருந்தே தடை வேறு. காசு இருந்தது, இலக்கம் இல்லை. நமது ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தினுடையவை, அவற்றுக்கு ஊக்கத்தொகை கொடுப்பது இடது கையால் வலது கைக்குக் கொடுப்பது போல. பின்னேரம் தனியார் சனலிங் சென்டரில் இருக்கும் வைத்தியரை இணைக்க வேண்டுமென்றால் மட்டும் இந்த யோசனை உதவும். அங்கே எழுதும் துண்டுதான் எந்தக் கொப்பியிலும் ஏறாமல் போவது.

மூன்றாவது வழி மெல்லியது: இடங்களை இணைக்கும் பாதையை முதலில் போடுவது. எஸ்தோனியா 13 இலட்சம் பேர் கொண்ட நாடு. முதலில் 2001 இல் 'எக்ஸ் ரோட்' என்ற தகவல் பரிமாற்றப் பாதை, 2002 இல் மின் அடையாள அட்டை, அதற்குப் பிறகுதான் 2008 இல் தேசிய சுகாதாரப் பதிவேடு. பாதையைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஓட்டினார்கள். தன் பதிவை யார் திறந்து பார்த்தார்கள் என்பதைக் குடிமகன் தானே பார்க்கலாம். திருகோணமலை மாதிரிச் சின்ன ஊருக்கு இது மிக முக்கியம். கவுன்டரில் இருப்பவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும். மனநலக் கிளினிக் போனது பின்னேரத்துக்குள் கோயில் வாசலில் கதையாகிவிடும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் ஆளைப் பயப்படுத்துவது 'நீ பார்த்தது பதிவாகும்' என்பதுதான்.

இந்தியாவும் இதே சாயலில்தான், 2021 இல் தேசிய அளவில் தொடங்கியது. ஆளுக்கு 14 இலக்க எண். பதிவு எந்த ஆஸ்பத்திரியில் எழுதப்பட்டதோ அங்கேயே இருக்கும், நோயாளி சம்மதித்தால் மற்ற இடத்துக்குப் போகும். ஐந்து வருடத்துக்கு 1,600 கோடி இந்திய ரூபாய் ஒதுக்கினார்கள். 140 கோடி பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பதினொரு ரூபாய் சொச்சம். இவ்வளவு மலிவா என்று வாய் பிளக்க வேண்டாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மென்பொருளும் கணினியும் வாங்கும் சுமை அந்தக் கணக்கில் இல்லை.

நாலாவது நாமே கட்டுவது. இதை ஏளனமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2020 ஜனவரியில், கொவிட் உலகம் முழுக்கப் பரவுமுன்னரே, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளை (யாரும் இலவசமாக எடுத்து மாற்றிப் பாவிக்கலாம்) வைத்து விமான நிலையத்தில் வருபவர்களைக் கண்காணிக்கும் முறையை முதலில் அமைத்தது இலங்கை. பிறகு பல நாடுகள் அதை எடுத்துப் பாவித்தன. சும்மா வந்த திறமையில்லை அது. வைத்தியர்களுக்கான மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்பைக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2009 இல் தொடங்கியிருந்தது. அரச ஆஸ்பத்திரிகளுக்கான எச்எச்ஐஎம்எஸ் என்ற திறந்த மூல மென்பொருளும், தனிநபர் சுகாதார இலக்கமும் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. திட்டம் நின்றாலும் மென்பொருளும் படித்த ஆட்களும் மிஞ்சும்.

இதன் நோய் வேறு இடத்தில். எங்கள் மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். கவுன்டரில் கணினி வந்தது, நம்பர் அச்சடித்துத் தந்தார்கள், அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து ரவுட்டர் கருகியது. அடுத்த கிளினிக்குக்குப் போனபோது திரும்பவும் பெரிய சிவப்புக் கொப்பியும் பேனையும். அதற்கடுத்த கிளினிக்கிலும் அதே கொப்பி. கணினி வாங்கியது கடன் திட்டத்தின் மூலதனக் காசு. ரவுட்டர் மாற்ற வேண்டியது மீண்டெழும் செலவு, அதாவது வருடாவருடம் வரும் செலவு. இரண்டும் வெவ்வேறு பெட்டி. முதல் பெட்டிக்குக் கடன் தர வரிசையில் நிற்பார்கள், இரண்டாவதற்கு நாதியில்லை.

திருகோணமலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரம் மத்திக்கும் மாகாணத்துக்கும் பிரிந்து கிடக்கிறது. மாகாணத்தின் கீழ் உள்ள ஆஸ்பத்திரியிலிருந்து மத்திய அமைச்சின் கீழ் உள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அம்புலன்ஸ் போகும்போது நோயாளி இரண்டு கஜானாக்களைக் கடக்கிறார். ஒரே பெரிய மென்பொருளை யார் வாங்கினாலும் மற்றவர் அதைத் தன்னுடையதாக நினைக்க மாட்டார். நடுவில் மெல்லிய பாதை ஒன்று இருந்தால் அவரவர் அவரவருடையதை வைத்துக்கொண்டே பேசலாம்.

ஆகவே என் தெரிவு மூன்றையும் நாலையும் சேர்த்தது: இலக்கமும் பாதையும் மத்தியின் காசில், ஆஸ்பத்திரிக்குள் உள்நாட்டுத் திறந்த மூல மென்பொருள், ஒவ்வொரு ஆதார வைத்தியசாலைக்கும் நிரந்தரச் சம்பளத்தில் ஒரு தகவல் தொழில்நுட்ப ஆள். கடன் வாங்கினால் அந்த ஆளின் பதவி முதலில் அங்கீகரிக்கப்பட்ட பிறகுதான் வாங்க வேண்டும். டொலரில் மாதாமாதம் வாடகை கட்டும் வெளிநாட்டு மென்பொருளை 2022 இன் டொலர் தட்டுப்பாட்டைப் பார்த்த பிறகு யாரும் சிபாரிசு செய்யமாட்டார்கள் என்று நம்புகிறேன். உள்நாட்டில் வைத்தால் மட்டும் பத்திரம் என்றும் இல்லை. 2023 இல் அரச கிளவுட் (அரசாங்கத்தின் இணையவழிச் சேமிப்பு) தாக்கப்பட்டபோது மே நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரையான மின்னஞ்சல்கள் பிரதி இல்லாமல் போயின. மின்னஞ்சல் போனால் திரும்பக் கேட்டு வாங்கலாம், இன்சுலின் அளவு போனால்? பிரதி எடுக்கும் செலவும் அந்த இரண்டாவது பெட்டிக்குள்தான் வரவேண்டும்.

முதல் வருடத்துக் காசில் பெரும் பங்கை நான் பெயருக்கே செலவழிப்பேன். அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டலிலும், கொப்பியில் இன்னொன்றிலும், இரத்தப் பரிசோதனைத் துண்டில் மூன்றாவதிலும் இருக்கிறது. கிண்ணியாவில் முகம்மது என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று யாரையும் கேட்டுப் பாருங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதையும் ஒவ்வொரு கவுன்டரும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்கிறது. கணினிக்கு அம்மா மூன்று பேர். ஒருவருக்குச் சீனி, மற்றவருக்குப் பிரஷர், மூன்றாமவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடையாள அட்டையைப் பார்த்து ஒரே இலக்கம் கொடுத்து, கோடு போட்ட (பார்கோடு) ஸ்டிக்கர் ஒன்றைப் பழைய கொப்பியின் அட்டையில் ஒட்டிவிட்டால் போதும். கரண்ட் இல்லாத நாளில் கொப்பியை வாசிக்கலாம், இருக்கிற நாளில் ஸ்டிக்கரை.