வீட்டுத் தரவுத்தளத்துக்கு எந்தக் காப்பு: வெறும் நகலா, வேக்யூமா, டம்பா?

வீட்டு வரவு செலவுக் கணக்கையும் புத்தகப் பட்டியலையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். அதற்குக் காப்புநகல் எடுக்கும் வழிகளைச் சில ஆண்டுகள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது டம்ப் எனப்படும் உரைநகலில் நிலைத்திருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது எல்லா வழிகளுக்கும் பொது என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு என்பதால், அதை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்தால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நானும் ஞாயிறுதோறும் அதைத்தான் செய்து வந்தேன். மடிக்கணினி பழுதாகி, பென் டிரைவில் இருந்ததைத் திறந்தபோது கடைசி மூன்று வாரப் பதிவுகள் அதில் இல்லை. 2010இல் எஸ்கியூலைட்டில் வந்த வால் முறையில், புதிய மாற்றங்கள் முதலில் மூலக் கோப்புக்குப் போவதில்லை. அதே பெயருடன் 'வால்' என்ற ஒட்டைச் சேர்த்துக்கொண்ட இன்னொரு கோப்பில் எழுதப்பட்டு, அது ஏறத்தாழ ஆயிரம் பக்கம் (தரவுத்தளம் பிரித்து எழுதும் சிறு துண்டுகள்) சேர்ந்த பிறகோ, நிரலை ஒழுங்காக மூடும்போதோதான் மூலத்தில் இணைகின்றன. (ரைட் அஹெட் லாக் என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம்தான் என்றாலும், பெயருக்குப் பின்னால் தொங்குவதால் தமிழ் வால் என்று கொண்டாலும் தவறில்லை.) நான் நிரலை மூடுவதே இல்லை, மடிக்கணினியை உறக்கத்தில் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். ஆகவே உடலை மட்டும் நகலெடுத்து, வாலை விட்டுவிட்டேன்.

மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் கோப்புறையில் தரவுத்தளத்தை வைப்பது இதே தவறின் சோம்பேறி வடிவம். உடலும் வாலும் வெவ்வேறு நொடிகளில் மேலேறுகின்றன. போதாக்குறைக்கு, நாம் தவறுதலாக அழித்ததையும் அது விசுவாசமாக அங்கேயும் அழித்துவிடுகிறது.

எஸ்கியூலைட்டே தரும் பேக்கப் கட்டளையும், 2019இல் வந்த வேக்யூம் இன்டூ கட்டளையும் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகின்றன. நிரல் திறந்திருந்தாலும், வாலில் இருப்பதையும் சேர்த்து, ஒரு கணத்தின் முழுமையான நிலையை இரண்டுமே எழுதித் தரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பேக்கப் பக்கம் பக்கமாக அப்படியே படியெடுக்கிறது, வேக்யூம் உள்ளடக்கத்தை வாசித்துப் புதிதாகக் கட்டுகிறது என்பதே. ஒரு பக்கம் ஏற்கெனவே சிதைந்திருந்தால் பேக்கப் அந்தச் சிதைவையும் சத்தமில்லாமல் நகலெடுத்துவிடக்கூடும்.

ஆனால் எனக்குத் தீர்மானமாக அமைந்தது எடுப்பதன் எளிமை அன்று, மீட்பதன் நம்பகம். டம்ப், தரவுத்தளத்தை மீண்டும் உருவாக்கத் தேவையான கட்டளைகள் எல்லாவற்றையும் வெறும் உரையாக எழுதுகிறது. எந்த உரைத் தொகுப்பானிலும் திறந்து, 'கறிவேப்பிலை 10 ரூபாய்' என்ற என் பதிவைக் கண்ணால் பார்க்கலாம். எல்லாம் சரியாக நடந்தால் கடைசி வரியில் கமிட், அதாவது 'உறுதிசெய்', என்று இருக்கும். வாசிக்கும்போது பிழை நேர்ந்திருந்தால் அந்த இடத்தில் ரோல்பேக், அதாவது 'கைவிடு', என்று இருக்கும். கோப்பு பாதியில் அறுந்திருந்தால் இரண்டுமே இருக்காது. ஆகவே நகல் உருப்படியானதுதானா என்பதைக் கடைசி வரியைப் பார்க்கும் சிறு நிரல்துண்டே ஓரளவு சொல்லிவிடும்.

அதைவிட முக்கியமானது, டம்பிலிருந்து மீட்பது என்றால் அட்டவணைகளையும் சுட்டுவரிசைகளையும் அடியிலிருந்து கட்டுவது என்பதே பொருள். அப்படிக் கட்டும்போது ஒரே எண் இருமுறை வரக் கூடாது, இந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாது போன்ற விதிகள் மறுபடி சோதிக்கப்படுகின்றன. மாதம் ஒருமுறை அந்த மாத டம்பை வெற்றுக் கோப்பில் ஏற்றி, ஒவ்வோர் அட்டவணையின் வரி எண்ணிக்கையையும் கணக்கின் மொத்தத் தொகையையும் மூலத்தோடு ஒப்பிடுகிறேன். நகல் எடுக்கச் சில நொடி, சரிபார்க்க ஐந்து நிமிடம். நான் மெனக்கெடுவது இரண்டாவதில்தான்.

குறைகளும் உண்டு. பயனர் பதிப்பு எண் என்று தரவுத்தளத்துக்குள் இருக்கும் சிறு குறிப்பை டம்ப் எழுதுவதில்லை. அந்த எண்ணை நம்பி இயங்கும் நிரல், மீட்ட கோப்பைப் பழைய அமைப்பு என்று எண்ணிவிடும், ஆகவே அதைத் தனியே குறித்துவைத்து மீட்ட பின் கையால் இட வேண்டும். கணக்கு வெளிப்படையான உரையாகக் கிடப்பதால், வெளியே அனுப்புமுன் ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருள் கொண்டு பூட்ட வேண்டும். படங்களை உள்ளேயே சேமித்தவர்களுக்கு அவை பதினறும எண்களாக எழுதப்பட்டு இருமடங்காகப் பெருகும். அத்தகையவர்களுக்கு வேக்யூம் இன்டூவே பொருத்தம். என் கோப்பு சில பத்து மெகாபைட்தான். பல ஜிகாபைட் அளவில் டம்பிலிருந்து மீட்க எவ்வளவு நேரமாகும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மாற்றங்களை வாலிலிருந்தே தொடர்ந்து வெளியே அனுப்பும் லைட்ஸ்ட்ரீமை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன். குறை ஒன்றும் தென்படவில்லை, ஆனால் நாளுக்குப் பத்து வரி எழுதும் வீட்டுக் கணக்குக்கு எந்நேரமும் ஒரு காவலாளி வேண்டியிருக்கவில்லை.