சேலத்திலிருந்து பறப்பவருக்கு எந்த மைல் கார்டு? நான்கு கார்டுகள், ஓர் அலசல்

சேலத்தில் வசிப்பவர் மைல் (விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் பரிசுப் புள்ளி) தரும் கிரெடிட் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்த விமான நிலையத்தில் ஏறப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். நூறு ரூபாய்க்கு எத்தனை பாயின்ட் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். மும்பைக்காரருக்கும் டெல்லிக்காரருக்கும் எழுதப்பட்ட பட்டியலைப் பார்த்து இங்கே கார்டு வாங்கினால், மைல் சேரும்; ஏறிப் பறக்க வழி இருக்காது.

நம்முடைய நிலைமை இது. சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்துக்கு 2023 அக்டோபரில், சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் மீண்டும் விமானம் வந்தது. இங்கே நமக்குப் பழக்கமான பெயர் இண்டிகோ. அதன் பரிசுப் புள்ளிகளான புளூசிப்பைச் சேர்ப்பதற்கென்றே அந்நிறுவனத்தின் பெயர் தாங்கிய கூட்டு கார்டுகள் தனியாக இருக்கின்றன. இந்த அலசலில் வரும் கார்டுகளின் பலமோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா, ஏர் பிரான்ஸ் போன்றவற்றில் இருக்கிறது. சென்னைக்கு மட்டும் போய்வருபவருக்கு மைல் கார்டே தேவையில்லை என்பது என் கருத்து. வந்தே பாரத் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது.

ஆகவே மைலின் உண்மையான பயன், கோவை, திருச்சி, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு நிலையங்களில்தான் தெரியும். பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோவையிலும் திருச்சியிலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் கிடைக்கிறது. கிரிஸ்ஃபிளையர் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டம்) மைலை ஸ்கூட்டில் பணத்துக்குப் பதிலாகக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மைலுக்குக் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு. அதே மைல் சென்னையிலோ பெங்களூருவிலோ புறப்படும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் நல்ல மதிப்பைத் தரும். வீட்டுக்குப் பக்கத்திலிருந்து புறப்படும் வசதியா, மைலின் மதிப்பா என்பதை ஒவ்வொரு வீடும் தனக்காக எடைபோட வேண்டும். வயதான பெற்றோர் பயணம் செய்வதென்றால், திருச்சியில் ஸ்கூட் டிக்கெட்டைப் பணம் கொடுத்தே வாங்கச் சொல்வேன்.

இனி கார்டுகளுக்கு வருவோம்.

ஆக்சிஸ் அட்லஸ். ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 5,900. சாதாரணச் செலவில் 100 ரூபாய்க்கு 2 எட்ஜ் மைல் (இந்தக் கார்டில் சேரும் புள்ளியின் பெயர்). விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ ஓட்டலிலோ வங்கியின் பயணத் தளத்திலோ செலவழித்தால் 100 ரூபாய்க்கு 5. ஓர் எட்ஜ் மைல், வங்கியோடு ஒப்பந்தமுள்ள பெரும்பாலான விமானக் கூட்டாளிகளிடம் 2 மைலாக மாறுகிறது. இந்தக் கார்டின் பெருமை முழுவதும் இந்த ஒரு விகிதத்தில் இருக்கிறது. வரம்பும் உண்டு. கிரிஸ்ஃபிளையர் அடங்கிய முதல் பிரிவுக்கு ஆண்டுக்கு 30,000 எட்ஜ் மைலுக்கு மேல் மாற்ற முடியாது. ஏர் இந்தியா இருக்கும் இரண்டாம் பிரிவின் வரம்பு 1,20,000. ஒரு நடுத்தரக் குடும்பம் இந்த வரம்புகளை முட்டப்போவதில்லை.

சேலத்துக்காரர் அட்லஸில் கவனிக்க வேண்டியது, எதற்கெல்லாம் மைல் கிடையாது என்பதைத்தான். நகை, வாடகை, காப்பீடு, பெட்ரோல், மின்கட்டணம், அரசுக் கட்டணம் எல்லாம் விலக்கு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கித் தேய்த்தால் ஒன்றும் வராது. விசா கார்டு என்பதால் யுபிஐ கியூஆரிலும் இது ஓடாது. லீ பஜாரில் மளிகை மொத்தமாக வாங்குபவரும், தெருமுனைக் கடை வரைக்கும் கியூஆரில் கட்டுபவரும் தங்கள் மாதச் செலவில் எவ்வளவு உண்மையில் கார்டுக்கு வரும் என்று நேர்மையாகக் கணக்குப் போட வேண்டும். கார்டுக்கு 2 சதவீதம் கூடுதலாகக் கேட்கும் கடையில் தேய்ப்பது, மைலைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

எச்டிஎஃப்சி இன்ஃபினியா. வங்கி தானே அழைத்துக் கொடுக்கும் கார்டு. கட்டணம் 12,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கட்டினால் 12,500 பாயின்ட் கணக்கில் ஏறும். 150 ரூபாய்க்கு 5 பாயின்ட். வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமான டிக்கெட் எடுத்தால் ஐந்து மடங்கு. மாற்று விகிதம் கிரிஸ்ஃபிளையர் உள்ளிட்ட பல கூட்டாளிகளுக்கு ஒன்றுக்கு ஒன்று, சிலருக்கு இரண்டுக்கு ஒன்று. வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணம் 2 சதவீதம்தான், அட்லஸில் 3.5. மரவள்ளி ஆலைக்காரர், ஜவுளி ஏற்றுமதியாளர், ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர் போன்றோர் வெளிநாடு போகும்போது இந்த ஒன்றரை சதவீதம் நன்றாகவே உறைக்கும்.

எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டு. சேலத்தின் சம்பளக் கணக்குக்காரர்களுக்கு வங்கி எளிதாக நீட்டும் கார்டு. கட்டணம் 2,500. குறையெல்லாம் மைலாக மாற்றும் இடத்தில்: இரண்டு பாயின்ட் கொடுத்தால்தான் ஒரு மைல். மைலுக்காக இதை வாங்காதீர்கள். ஆண்டுக்கு 5 லட்சம் செலவழித்தால் வரும் 5,000 ரூபாய் விமான வவுச்சர்தான் இதில் உருப்படியானது.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் டிராவல். அடிப்படையாக 50 ரூபாய்க்கு 1 பாயின்ட். உயிர்நாடி, ஆண்டுச் செலவு 1.90 லட்சத்தையும் 4 லட்சத்தையும் தொடும்போது கிடைக்கும் போனஸ். கிரிஸ்ஃபிளையராக மாற்றும்போது ஒன்றுக்கு ஒன்று கிடைப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நம் கடைவீதிகளில் இதை ஏற்கும் இயந்திரங்கள் குறைவு என்பது. இணையத்தில் வாங்கியே 4 லட்சத்தை எட்டிவிடும் வீடுகளுக்கு மட்டும் இது பொருந்தும்.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸை விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் ஒரே செலவில் நிறுத்திப் பார்க்கலாம். ஆண்டுக்கு விலக்கு இல்லாத செலவு 6 லட்சம், அதில் 1 லட்சம் விமான டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். அட்லஸில் டிக்கெட்டுக்கு 5,000, மற்றதற்கு 10,000, செலவு 3 லட்சத்தைத் தாண்டியதற்கான 2,500 சேர்த்து 17,500 எட்ஜ் மைல். விமான மைலாக 35,000. இன்ஃபினியாவில் டிக்கெட்டை ஸ்மார்ட்பையில் எடுத்தால் மொத்தம் சுமார் 33,000 பாயின்ட், அதே அளவு மைல். கட்டணத்துக்கு வரும் பாயின்ட் தனி. ரெகாலியாவில் சாதாரண விகிதத்தில் சுமார் 15,000 பாயின்ட், அதாவது 7,500 மைல் சொச்சம். ரெகாலியாவைவிட அட்லஸுக்கு 2,500 ரூபாய் அதிகமாகக் கட்டி நாலு மடங்குக்கு மேல் மைல் பெறுகிறோம் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த அளவு செலவுள்ள வீட்டுக்கு அட்லஸ்தான் என் தேர்வு. வங்கி அதைப் புதிதாகக் கொடுக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் செலவும் நகைச் செலவும் அதிகமென்றால் இன்ஃபினியா. செலவு 3 லட்சத்தை எட்டாது என்றால் இரண்டும் வேண்டாம். கட்டணமில்லாத கேஷ்பேக் கார்டே போதும். மாதக் கடைசியில் பாக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர் மைல் பக்கமே வரக்கூடாது. பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்துக்கு மேல் போகும் வட்டிக்கு எந்த மைலும் ஈடாகாது.

ஒரே விமான நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கார்டைவிடப் பல நிறுவனங்களுக்கு மாற்றக்கூடிய பாயின்ட்டை நான் உயர்வாக வைப்பதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 12-இல் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது; பல வங்கிகள் வழங்கிவந்த விஸ்தாரா கார்டுகளின் வாழ்வும் அதைத் தொடர்ந்து முடிந்தது. மாற்றக்கூடிய பாயின்ட்டும் சாசுவதமல்ல. ஆக்சிஸின் இன்னொரு கார்டான மேக்னஸில் 5 பாயின்ட்டுக்கு 4 மைல் என்றிருந்த விகிதம் 2023 செப்டம்பர் முதல் தேதியில் 5-க்கு 2 ஆனது. ஐந்தாண்டுக் கனவுக்காகப் பாயின்ட்டைப் பூட்டி வைப்பவர்கள்தான் இதில் அடிபட்டார்கள். ஓராண்டு சேர்த்து மறு ஆண்டு செலவழித்துவிடுங்கள்.

அதற்காக மாற்றுவதில் அவசரப்படவும் வேண்டாம். மைலாக மாற்றியதைத் திரும்பப் பாயின்ட்டாக்க முடியாது. கிரிஸ்ஃபிளையர் மைலின் ஆயுள் 36 மாதம். வேண்டிய தேதியில் மைலுக்கான இருக்கை இருக்கிறதா என்று விமான நிறுவனத்தின் தளத்தில் பார்த்த பிறகே மாற்றுங்கள். வரியையும் நிலையக் கட்டணத்தையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. கார்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக விரித்து எழுதிய இன்னொரு பெயர். மைல் கணக்கின் பெயர் கார்டோடு ஒத்துப்போகாவிட்டால் மாற்றம் நின்றுவிடலாம்; பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால் டிக்கெட்டில் சிக்கல். கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய கணக்கில் வேறு மாதிரி இருந்தால், கிளைக்குப் போய் முதலில் அதைத் திருத்துங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் டிக்கெட் எடுப்பதென்றால் கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேர் வரை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கலாம்; அங்கும் அவர்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.