ஆர்என்ஏஃபோல்ட்: ரெட்ரோவைரஸ் படிப்பவர்கள் கட்டாயம் பழக வேண்டிய சேவை

ரெட்ரோவைரஸ் பாடம் எடுக்கும்போது நான் முதலில் திறந்து காட்டுவது வியன்னா பல்கலைக்கழகத்தின் ஆர்என்ஏஃபோல்ட் இணையச் சேவையைத்தான். இலவசம். கணக்கு தொடங்க வேண்டாம், ஆர்என்ஏவின் எழுத்து வரிசையை ஒட்டினால் போதும், அது எப்படி மடியும் என்று கணித்துக் காட்டும்.

ரெட்ரோவைரஸான எச்.ஐ.வி-1-இன் ஆர்என்ஏ முன்முனையைக் கொடுத்துப் பாருங்கள். செல்லுக்குள் எத்தனையோ ஆர்என்ஏக்கள் இருக்க, புது வைரஸைக் கட்டும் காக் புரதம் தன் ஜீனோமை (வைரஸின் முழு ஆர்என்ஏவை) அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்தப் பகுதியின் மடிப்பை வைத்துத்தான். ஒரு விஷயம்: காக் மரபணு தொடங்கும் ஏயூஜி என்ற மூன்றெழுத்தோடு வெட்டிவிடாதீர்கள், சுமார் 360 நியூக்ளியோடைடு (எழுத்து) வரை கொடுங்கள். முன்னே இருக்கும் யூ5 என்ற துண்டு அந்த ஏயூஜி பகுதியோடு ஜோடி சேரும்போதுதான் டிஐஎஸ் ஹேர்பின் (இரு பிரதிகள் இணையத் தொடங்கும் கொண்டை ஊசி வடிவ மடிப்பு) வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் நுனியில் ஆறெழுத்து, எச்.ஐ.வி-1-இன் பி வகையில் பெரும்பாலும் ஜிசிஜிசிஜிசி. இன்னொரு பிரதியின் அதே ஆறெழுத்தோடு அது இணையும். இரண்டு பிரதிகளும் சேர்ந்தே வைரஸுக்குள் போகும். யூ5 டிஐஎஸ்ஸோடு ஜோடி சேர்ந்துவிட்டால் கதையே வேறு, அந்த ஆர்என்ஏ புரதம் தயாரிக்கப் போய்விடும்.

இதனால்தான் இந்தச் சேவையின் நிறப்படம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். சிவப்பு என்றால் அந்த இடத்தில் அந்த மடிப்புக்கு நிகழ்தகவு அதிகம், ஊதாப் பக்கம் போகப் போகக் குறைவு. நிகழ்தகவு குறைந்த இடங்களை மாணவர்கள் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன், மடிப்பு மாறக்கூடிய இடங்களை அங்கேதான் தேட வேண்டும். குறைந்தபட்ச ஆற்றல் படத்தை (மிக நிலையானதாகக் கணிக்கப்படும் ஒரே மடிப்பை) மட்டும் அச்செடுத்து 'இதுதான் அமைப்பு' என்று ஒட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

குறைகளும் உண்டு. சூடோநாட், அதாவது ஒரு மடிப்பின் வளையம் வெளியே உள்ள பகுதியோடு ஜோடி சேர்வது, இதற்குத் தெரியாது. காக் புரதம் கணக்கில் இல்லை. ஒற்றை ஜி-யில் தொடங்கும் ஆர்என்ஏதான் புது வைரஸுக்குள் அதிகம் பொதிக்கப்படுகிறது, இரண்டு மூன்று ஜி இருந்தால் புரதம் தயாரிக்கப் போகிறது. இந்த வேறுபாட்டில் முனையில் இருக்கும் கேப் என்ற வேதித் தொப்பிக்கும் பங்குண்டு; எழுத்துகளை மட்டும் படிக்கும் கருவிக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு பிரதிகள் சேர்வதைப் பார்க்க அதே தளத்தின் ஆர்என்ஏகோஃபோல்டுக்குப் போக வேண்டும். அப்புறம், நிகழ்தகவுக் கணக்குக்கு 7,500 நியூக்ளியோடைடுதான் வரம்பு. 9,000-ஐத் தாண்டும் முழு ஜீனோமுக்கு வெறும் ஆற்றல் படம்தான் கிடைக்கும்.

ஷேப் சோதனைத் தரவு (எந்த எழுத்துகள் ஜோடி சேராமல் நெகிழ்வாக இருக்கின்றன என்று வேதிமுறையில் அளந்தது) கையில் இருந்தால் கூடுதல் விருப்பங்களில் அதையும் ஏற்றிவிடுங்கள். தரவோடு ஒருமுறை, தரவில்லாமல் ஒருமுறை ஓட்டி, எந்த ஜோடிகள் மாறுகின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.