பதிவு செய்யும் பெட்டியா, டிவிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரா?

ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறிவிட்டது, செட்-டாப் பாக்ஸிலேயே பதிவு வசதி வருகிறது, அப்புறம் டிவிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கம்ப்யூட்டர் எதற்கு? டிஜிட்டலுக்கு மாறியதால்தான் அது எளிதாயிற்று என்பேன். பெட்டியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டவன் நான். ஆகவே இது நடுநிலையான அலசல் என்று யாரும் நம்ப வேண்டாம்.

அனலாக் காலத்தில் கம்ப்யூட்டரில் டிவி பதிவது பெரும்பாடு. டியூனர் கார்டுக்கு, அதாவது கம்ப்யூட்டருக்குள் டிவி சிக்னலைப் பிடிக்கும் அட்டைக்கு, வரும் படத்தை அங்கேயே எம்பெக்-2 என்ற வீடியோ வடிவமாகச் சுருக்கியாக வேண்டும். அன்றைய செயலிகள் அதில் திணறும் என்பதால், சுருக்கும் சிப்பைத் தன்னிடமே வைத்திருந்த ஹாப்பாக் பிவிஆர்-250 போன்ற கார்டுகளுக்கு அவ்வளவு மவுசு. அப்படியும் நேரடியாகப் பார்ப்பதைவிடப் பதிவு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். டிஜிட்டலில் இந்தத் தொல்லையே இல்லை. நிலையத்திலிருந்து கிளம்பும்போதே படம் சுருக்கப்பட்ட தரவு. டியூனர் பிடிக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் எழுதுகிறது, அவ்வளவுதான். பதிவும் ஒளிபரப்பும் பிட்டுக்குப் பிட்டு ஒன்று. அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்கள் அனலாக்கை நிறுத்தின. பிரிட்டனில் 2012இல் முடிந்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான ஏடிஎஸ்சியில் ஓர் அலைவரிசைக்கு நொடிக்கு 19.39 மெகாபிட். ஒரே நிகழ்ச்சி அத்தனையையும் எடுத்துக்கொண்டால்கூட ஒரு மணி நேரத்துக்கு 8.7 ஜிபிதான் ஆகும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையும் இந்தப் போட்டியில் சேர்ப்பவர்கள் உண்டு. அது வேறு வேலைக்கான சாமான். கட்டணத் தளங்களை 4கேயில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டிக்தான் சரி. அவற்றின் பாதுகாப்பு விதிகளால் லினக்ஸ் பிரவுசருக்குக் குறைந்த தரத்தில்தான் படம் கொடுக்கிறார்கள். இன்னொரு எச்டிஎம்ஐ போர்ட்டில் அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

பெட்டியின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. மாட்டினால் ஓடும், ஒரே ரிமோட், நிகழ்ச்சி நிரல் தானாக வரும், வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதிலெல்லாம் கம்ப்யூட்டர் பின்தங்கியதுதான்.

என்னை மாற்றியது ஒரே விஷயம்: பதிவு செய்தது யார் கையில் இருக்கிறது? பல நிறுவனங்களின் பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க்கில் எழுதும்போதே பூட்டிவிடுகிறார்கள். சாவி அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான். எங்கள் பெட்டியில் போர்டு போயிற்று. டிஸ்க் நன்றாகவே இருந்தது. அதே மாடல் மாற்றுப் பெட்டி வந்தது. டிஸ்க்கை அதில் மாட்டினால், அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்கிறது! சேர்த்து வைத்திருந்த கச்சேரிகள், குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்த்த கார்ட்டூன்கள், எல்லாம் டிஸ்க்கிலேயே இருந்தும் இல்லாமல் போயின. பெட்டி கெட்டால்தான் என்றில்லை. சந்தாவை நிறுத்தினாலோ நிறுவனம் மாடலை மாற்றினாலோ இதே கதை நடக்கலாம். ஹார்ட் டிஸ்க் எத்தனை டெராபைட் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதிலிருந்து வெளியே எடுக்க முடியுமா என்பதற்கு ஒரு வரியும் இருக்காது.

கம்ப்யூட்டரில் பூட்டில்லாத ஒளிபரப்பைப் பதிந்தால் கிடைப்பது டிஎஸ் என்ற சாதாரண வீடியோ கோப்பு. விஎல்சி போன்ற இலவசப் பிளேயரில் ஓடும், பென் டிரைவில் போகும், இன்னொரு டிஸ்க்கில் நகல் வைக்கலாம். போர்டு போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் போதும். மென்பொருளே செத்தாலும் பதிவு சாகாது. டிவி பார்க்கவும் பதியவும் மைக்ரோசாஃப்ட் 2002இல் கொண்டுவந்த மீடியா சென்டர் மென்பொருளை 2015இல் விண்டோஸ் 10இலிருந்து நீக்கியது. 2020 ஜனவரியில் அதன் நிகழ்ச்சி நிரலும் நின்றது. ஆனாலும் அதில் பதிந்த பூட்டில்லாத கோப்புகளை இன்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருள் திறக்கிறது. கேபிள் கார்டு (கட்டணக் கேபிள் சேனல்களைத் திறக்கும் அட்டை) வழியாக வந்து, நகலெடுக்கத் தடை போட்ட நிகழ்ச்சிகள் மட்டும் பதிந்த கணினியைத் தாண்டி ஓடாது. பூட்டு ஒளிபரப்போடு வந்தால் கம்ப்யூட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் வைத்திருப்பது டிவிஹெட்எண்ட், கோடி என்ற இரண்டு மென்பொருள்கள். முதலாவது பதிகிறது, இரண்டாவது காட்டுகிறது. எக்ஸ்பாக்ஸுக்காக எழுதப்பட்டு எக்ஸ்பிஎம்சி என்று வளர்ந்து, 2014இல் பெயர் மாறியதுதான் கோடி. கணினி பெரிதாக வேண்டாம். இன்டெல் என்100 மாதிரி 6 வாட் செயலி தாராளம், விசிறி இல்லாமலே கிடைக்கிறது. டியூனரை மட்டும் யோசித்து வாங்குங்கள். எச்டிஹோம்ரன் போன்ற, வீட்டு நெட்வொர்க் வழியாகப் படத்தை அனுப்பும் டியூனரை ஆன்டெனா கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே வைத்துவிடலாம். கம்ப்யூட்டரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில் இருக்கும் டிவிபி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் ஓர் அலைவரிசைக்குள் பல சேனல்கள் அடங்கியிருக்கும். அத்தனையையும் ஒரே டியூனரால் ஒரே நேரத்தில் பதிய முடியும். நாலு டியூனர் வேண்டும் என்று நினைப்பவர்கள் பலருக்கு இரண்டே போதும்.

பராமரிப்பு உண்டு, மறைக்கவில்லை. தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ஓடும்போதுதான் அதற்கு ரீஸ்டார்ட் ஆகத் தோன்றும். நிலையங்கள் அலைவரிசை மாறினால் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். நிகழ்ச்சி நிரல் டிவிபியில் பல நாடுகளில் ஒரு வாரத்துக்கு ஒளிபரப்போடு சேர்ந்தே வரும். ஏடிஎஸ்சியில் 12 மணி நேரத்துக்குத்தான் கட்டாயம், மீதிக்குச் சந்தா கட்டி வாங்குவோர் அதிகம். ரிமோட்டும் ஒரு தலைவலி. பெரும்பாலான கணினிகளின் எச்டிஎம்ஐயில் சிஇசி (ரிமோட் கட்டளையைக் கேபிள் வழியே கடத்தும் வசதி) கிடையாது, அதனால் டிவி ரிமோட் சொல்வது கணினிக்குக் கேட்காது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் அந்த வசதி இருக்கிறது. இதெல்லாம் செய்ய வீட்டில் ஒருவருக்காவது ஆர்வம் வேண்டும். இல்லையென்றால் பெட்டியே மேல்.

கட்டணச் சாட்டிலைட் சேனல்களைக் கார்டு போட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அதற்கு என் பேச்சைக் கேட்க வேண்டாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே வந்துகொண்டிருக்கும் அடுத்த தலைமுறை முறையான ஏடிஎஸ்சி 3.0இல் சில நிலையங்கள் ஆன்டெனாவில் இலவசமாக வரும் ஒளிபரப்பையே பூட்டத் தொடங்கிவிட்டன. ஆகவே உங்கள் ஊர் நிலையங்களில் எது பூட்டியது, எது திறந்தது என்று விசாரித்துவிட்டு டியூனர் வாங்குங்கள். முக்கால்வாசி பூட்டியவை என்றால் நான் சொன்ன கணக்கு அங்கே செல்லாது.