யுஎஸ்ஜிஎஸ் சர்வீஸ்: பார்க்க சுமார், வேலையில கெட்டி

நியூ ஜெர்சி நம்மாளுங்க பாதிப் பேருக்கு இந்த யுஎஸ்ஜிஎஸ்ங்கற, நிலநடுக்கம், ஆத்துத் தண்ணி மட்டமெல்லாம் அளக்கற அமெரிக்க அரசோட ஜியாலஜிக்கல் சர்வே ஆபீஸ் பேரு தெரிஞ்சதே 2024 ஏப்ரல் 5 அன்னைக்குதான். காலையில 10:23க்கு 4.8 அளவு நிலநடுக்கத்துல குலுங்குச்சு, வாட்ஸ்அப் குரூப் பூரா "உங்க வீட்ல ஆடுச்சா"ன்னு ஒரே களேபரம், பக்கத்துல நியூயார்க்ல போனுக்கு எமர்ஜென்சி மெசேஜ் வந்து சேரவே அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு, இவங்க சைட்லயோ கொஞ்ச நிமிஷத்துலயே எங்க, எவ்ளோ ஆழத்துல, எவ்ளோ பெருசுன்னு எல்லாம் ஏறிடுச்சு.

எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த 'டிட் யூ ஃபீல் இட்' ஃபார்ம். உக்காந்திருந்தீங்களா தூங்கிட்டிருந்தீங்களா, ஷெல்ஃப்ல இருந்து சாமான் விழுந்துச்சா, சுவத்துல மாட்டின படம் நகந்துச்சா, நிக்க முடிஞ்சுதா... இப்படியே கேட்டுட்டுப் போகும், அக்கவுண்ட் கிக்கவுண்ட் எதுவும் வேணாம். ஜனங்க போடற பதில வச்சே எந்த ஊரு எவ்ளோ ஆடுச்சுன்னு கலர் மேப் போட்டுடறாங்க, அன்னைக்கு மட்டும் லட்சத்துக்கு மேல ரிப்போர்ட். ஒண்ணுமே தெரியலன்னாலும் போடுங்க, அதுவும் கணக்குதான்.

குறைன்னா, ஆட்டம் வந்து சேர்றதுக்குள்ள எச்சரிக்கற ஷேக்அலர்ட் கலிஃபோர்னியா, ஒரேகான், வாஷிங்டன் மூணுக்கும்தான். நமக்கு இல்ல.

நம்ம பக்கம் நிஜமா பயப்பட வேண்டியது வெள்ளத்துக்குத்தான், 2021 செப்டம்பர்ல ஐடா புயல் வந்தப்ப நம்ம மேன்வில் ஊரு என்ன ஆச்சுன்னு பாத்தோமே. அதுக்கு இவங்களோட வாட்டர்அலர்ட் இருக்கு, ஃப்ரீ. ஆத்துல தண்ணி மட்டத்த அளக்கற கேஜ் ஒண்ண செலக்ட் பண்ணி இத்தனை அடி தாண்டுனா சொல்லுன்னு போட்டுட்டா மெசேஜோ மெயிலோ வரும். ஒண்ணு மட்டும் கவனிங்க, பவுண்ட் புரூக் ஊர்ல ராரிட்டன் ஆறு 28 அடின்னா ரோட்ல 28 அடி தண்ணின்னு அர்த்தம் இல்ல, அங்க வெள்ளம் ஆரம்பிக்கற மட்டமே அதுதான். இது தெரியாம ஸ்கிரீன்ஷாட் அனுப்பி எல்லாரையும் பதற வைக்கறவங்க இருக்காங்க.

புயலுக்கு முன்னாடியே கடற்கரைல சென்சார் கட்டிட்டு வர்றதும், தண்ணி வடிஞ்சப்புறம் சுவத்துல சேறு படிஞ்ச கோட்ட தேடித் தேடி அளக்கறதும் இதே ஆளுங்கதான், டிவில யாரும் காட்ட மாட்டாங்க.

சைட் டிசைன் பழைய காலத்து எக்செல் ஷீட்டேதான். நாளைக்கு ஆறு எவ்ளோ ஏறும்னும் இவங்க சொல்ல மாட்டாங்க, அதுக்கு வெதர் சர்வீஸ் பக்கம் போகணும். அஞ்சுக்கு நாலு ஸ்டார். அலர்ட் வைக்கறப்ப வெள்ள மட்டத்துக்கு நாலஞ்சு அடி கீழயே வைங்க, அப்பதான் பேஸ்மென்ட் சாமான மேல ஏத்த நேரம் கிடைக்கும்.