‘லோக்கல் டொமைன்’ பதிவு என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் இருக்கிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். வைஃபையைச் சரிபார்க்க வந்த ஒருவர், என் வீட்டுப் பெட்டிக்கு நானே வைத்த பெயரை ‘லோக்கல் டொமைன்’ என்று சொல்லி எனக்கே வருட வாடகைக்கு விட்டுப் போய்விட்டார். விஷயம் விளங்க எனக்கு ஏழு மாதம் ஆனது. மொத்தம் 4,193 ரேண்ட்.

என்ன பெட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று, அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க். கோவில் விழாப் படங்கள், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கான பாடங்கள், ஊரிலிருந்து அம்மா பாடி அனுப்பிய தாலாட்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டிவிக்குப் பின்னால் தூசியோடு கிடக்கும். ‘பெட்டி’ என்றே பெயர் வைத்திருந்தேன். லேப்டாப்பிலோ போனிலோ ஆங்கில எழுத்தில் பெட்டி, ஒரு புள்ளி, லோக்கல் என்று அடித்தால் திறந்துகொள்ளும். இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. எப்படித் திறக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. மாட்டிக்கொண்டது அதனால்தான்.

போன ஆடியில் ஃபைபர் இணைப்பை வேகமானதாக மாற்றினோம். புது ரவுட்டர் வந்தது. பொருத்த வந்த பையன் ஒரு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். இன்டர்நெட் பறந்தது. ஆனால் பெட்டி திறக்கவில்லை, பிரிண்டரும் ‘ஆஃப்லைன்’ என்றது. மாரியம்மன் கூழ் பூசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நோட்டீஸ் எல்லாம் பெட்டிக்குள். 60 பிரதி எடுத்துத் தருவதாகக் கோவிலில் ஒத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரம்மாவை நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம். நாலு தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பம். “எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான் தம்பி, காவடி எடுக்கிற பையன், ஏமாத்த மாட்டான்” என்று நம்பர் கொடுத்தார். ஆளும் சொன்ன நேரத்துக்கு வந்தார். பக்கி என்கிற பிக்கப் வண்டியின் கண்ணாடியில் முருகன் படம், கையில் சிவப்புக் கயிறு. பேச்செல்லாம் ஆங்கிலம்தான், நடுநடுவே அண்ணா, அண்ணா. அந்த அண்ணாவில் நான் பாதி விழுந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

லேப்டாப்பைப் பார்த்தார், ரவுட்டரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். “அண்ணா, இது லோக்கல் டொமைன். பழைய ரவுட்டரில் ஓசியில் ஓடிக்கொண்டிருந்தது. புது ரவுட்டரில் பதிவு செய்யாமல் ஓடாது. விட்டால் வேறு யாராவது இந்தப் பெயரை எடுத்துக்கொள்வார்கள்” என்றார். வருடத்துக்கு 1,200 ரேண்ட். அதைத் தாங்க இரண்டாவது ரவுட்டர் ஒன்று, 1,100. வந்து போன கூலி 850. பதிவு நிலைத்திருக்க ‘நிலையான முகவரி’ வேண்டுமாம், அதற்கு மாதம் 149, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற டெபிட் ஆர்டரில். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவைத்துப் பத்து நிமிடம் தட்டினார். திருப்பிக் கொடுத்தபோது பெட்டி திறந்தது. நோட்டீஸும் அச்சானது. கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பி வைத்தேன்.

அன்று சாயங்காலமே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். மனைவி போனில் பெட்டியைத் திறக்கப் பார்த்தாள், வரவில்லை. கேட்டால், “ஒரு பதிவு ஒரு கருவிக்குத்தான் அண்ணா. போனுக்குத் தனியாக 400” என்று வாட்ஸ்அப்பில் பதில். “போனுக்கெல்லாம் ஒரு பைசா கிடையாது, நான் லேப்டாப்பிலேயே பார்த்துக்கிறேன்” என்று அவள் முடித்துவிட்டாள். அந்த 400 மிஞ்சியது அவளால்.

குட்டு உடைந்தது போன மாதம். தெருவில் யாரோ மின் கேபிளை அறுத்துக்கொண்டு போனதில் ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் வழக்கம்போல் லேப்டாப்பில் பெட்டியை அடித்தேன். திறந்தது பெட்டி இல்லை, வாசல் கேமராவின் லாகின் பக்கம். இன்னொரு முறை அடித்தேன், அதே பக்கம். அந்த ஆளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் நெட்வொர்க் வேலை பார்க்கிற என் மச்சானை வீடியோவில் பிடித்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “அத்தான், டொமைனை எந்தக் கம்பெனியில் பதிந்தார்? ரசீது இருக்கா?” ரசீதில் ‘லோக்கல் டொமைன் ரெஜிஸ்ட்ரேஷன், 12 மாதம்’ என்று இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, லேப்டாப்பில் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளே, சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று போய் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற ஃபைலை நோட்பேடில் திறக்கச் சொன்னான். மேலே # குறி போட்ட வரிகள் நிறைய. எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக ஒரு வரி: 192.168.8.104, ஒரு இடைவெளி, பெட்டி.லோக்கல்.

“அதோ அதுதான் உங்க 1,200 ரேண்ட் டொமைன்” என்றான்.

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் காலண்டர் ஓரத்தில் ஒரு போன் நம்பரைக் கிறுக்கி வைக்கிற மாதிரிதான் அந்த ஃபைல். இந்தப் பெயருக்கு இந்த நம்பர் என்று அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் தெரியும். போனில் திறக்காததற்குக் காரணம் அதுதான், லைசென்ஸும் இல்லை ஒன்றும் இல்லை. கரண்ட் போய் வந்தபோது ரவுட்டர் எல்லாக் கருவிகளுக்கும் புதிதாக நம்பர் பிரித்துக் கொடுத்திருக்கிறது. 104 கேமராவுக்குப் போய், பெட்டிக்கு 107 விழுந்துவிட்டது. கிறுக்கிய நம்பர் பழசாகவே இருந்ததால் கேமரா வந்து நின்றது.

அப்படியானால் முன்னே இரண்டு வருடம் எப்படி ஓடியது? மச்சான் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சாதாரண வெப்சைட் பெயரை அடித்தால் கம்ப்யூட்டர் வெளியே இருக்கிற ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் போய் நம்பர் கேட்கும். லோக்கல் என்று முடிகிற பெயரை அப்படிக் கேட்பதில்லை. வீட்டுக்குள்ளேயே எல்லாருக்கும் கேட்கும்படி, ‘பெட்டி யாருப்பா?’ என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில் போகும். ‘நான்தான், என் நம்பர் இது’ என்று பெட்டியே பதில் சொல்லும். நம்பர் மாறினால் புது நம்பரைச் சொல்லும். நடுவில் சர்வர் கிடையாது, பதிவேடு கிடையாது, காசு வாங்க ஆளும் கிடையாது. இதற்குப் பெயர் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ். ஆப்பிள் கருவிகளில் போன்ஜூர் என்றும், என் பெட்டி போன்ற லினக்ஸ் கருவிகளில் அவாஹி என்றும் இருப்பது இதுதான். ராஸ்பெர்ரி பையில் வழக்கமாகப் போடுகிற ஓஎஸ்ஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10க்கும் தெரியும். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றுக்குத்தான் இந்தப் பெயர் புரியாது.

இதற்கான விதிமுறையை ஆப்பிளில் வேலை பார்த்த ஸ்டுவர்ட் செஷயர், மார்க் க்ரோக்மல் என்ற இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆர்எஃப்சி 6762 என்ற ஆவணம், 2013 பிப்ரவரி. லோக்கல் என்ற வால் ஒரே நெட்வொர்க்குக்குள் புழங்குவதற்கு என்றே ஒதுக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. அதை யாரும் விற்க முடியாது, யாரும் வாங்கவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரரும் தன் பெட்டிக்குப் பெட்டி என்றே பெயர் வைக்கலாம், என் சத்தம் அவர் வீட்டுக்குப் போகாது. ஒரே வீட்டில் இரண்டு பெட்டி இருந்தால் பிந்தி வந்தது தானாகவே பெட்டி-2 என்று பெயரை மாற்றிக்கொள்ளும். ‘வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்’ என்ற மிரட்டலின் லட்சணம் இவ்வளவுதான்.

சரி, புது ரவுட்டர் வந்ததும் ஏன் நின்றது? அந்தத் துண்டுக் காகிதம் பத்திரமாக இருந்தது. எடுத்துப் பார்த்தால், பையன் எழுதிக் கொடுத்தது கெஸ்ட் வைஃபையின் பெயர். விருந்தாளிகள் இன்டர்நெட் மட்டும் பார்க்கட்டும், வீட்டுக் கருவிகளை நோண்ட வேண்டாம் என்று ரவுட்டர் போடுகிற தடுப்பு அது. லேப்டாப், போன், பிரிண்டர் மூன்றையும் அதில்தான் சேர்த்திருந்தேன், பெட்டி மட்டும் கேபிளில் முதன்மை இணைப்பில் இருந்தது. சத்தம் தடுப்பைத் தாண்டவில்லை. ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் முதன்மை வைஃபையின் பாஸ்வேர்டு இருந்தது. மூன்றையும் அதில் மாற்றியிருந்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது ரவுட்டர்தான் எனக்கு இன்றும் எரிகிறது. லேப்டாப், போன், பிரிண்டர் மூன்றையும் அதற்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார், பெட்டியையும் கேமராவையும் பழைய இடத்திலேயே விட்டார். பிரிண்டர் லேப்டாப் பக்கமே வந்ததால் அச்சானது. ஆனால் அந்தச் சத்தம் ஒரு ரவுட்டரைத் தாண்டி இன்னொன்றுக்குப் போகாது, அதன் அமைப்பே அப்படி. ஆக, வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டு, அதில் லேப்டாப்புக்கு மட்டும் ஒரு ஓட்டை போட்டு, ஓட்டைக்கு வருட வாடகை வாங்கியிருக்கிறார். தெரியாமல் செய்தாரா என்று மச்சானிடம் கேட்டேன். “ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதத் தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்?” என்றான்.

மாதம் 149க்கு என்ன கிடைத்தது என்று இன்டர்நெட் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டேன். எங்கள் கணக்கில் நிலையான முகவரி எதுவும் எடுக்கப்படவே இல்லையாம். எடுத்திருந்தாலும் வீட்டுக்குள் இருக்கிற பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அதே இடத்தில் மாட்டியிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டாவது ரவுட்டரைக் கழற்றினால் மட்டும் போதாது. கம்ப்யூட்டர் முதலில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத்தான் பார்க்கும், அங்கே பதில் இருந்தால் சத்தமே போடாது. அந்த வரியையும் அழிக்க வேண்டும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேமிக்க விடாது, நான் அதில் கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். அழித்தேன், எல்லாவற்றையும் முதன்மை வைஃபைக்கு மாற்றினேன், பெட்டி.லோக்கல் என்று அடித்தேன். லேப்டாப்பில் திறந்தது. மனைவியின் போனிலும் திறந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டெபிட் ஆர்டரை வங்கி ஆப்பில் நிறுத்திவிட்டேன். இந்த நாட்டின் 2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு, 14 நாளில் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். தராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். 20,000 ரேண்ட் வரைக்கும் அங்கே போகலாம், வக்கீல் யாரும் வந்து வாதாட முடியாது, நாமே பேச வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த ஹோஸ்ட்ஸ் வரியின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். வரியை அழிப்பதற்கு முன் மச்சான் நினைவுபடுத்தினான், இல்லாவிட்டால் ஆத்திரத்தில் ஆதாரத்தையே அழித்திருப்பேன்.

ஆயாவிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு பதிஞ்சு குடுத்தானே தம்பி, டிவிக்கு” என்று ரசீதை எடுத்து வந்தார். அதே 1,200. இப்போது கடிதம் இரண்டாகிவிட்டது. முதல் கடிதத்துக்கு நீல டிக் விழுந்து ஆறு நாள் ஆகிறது, பதில் இல்லை.